போன ஞாயிறு சாம்பார் ஏன் வேற மாதிரி இருந்துச்சு



போன ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்துக்கு வந்தவங்க பல பேரு ஒரே கேள்வியைத்தான் கேட்டீங்க. வாட்சாப் குழுவுலயும் அதே கேள்வி. "சாம்பார் ஏன் வேற மாதிரி இருக்கு? சாம்பார் அண்ணன் எங்க?" திங்கட்கிழமை ஒரு செய்தி கிளம்புச்சு, அண்ணன் சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாருன்னு. செவ்வாய்க்கிழமை அந்தச் செய்திக்குக் கை கால் முளைச்சு, அண்ணனுக்குக் கால் உடைஞ்சிடுச்சுன்னு ஆயிடுச்சு. அண்ணன் விழல. காலும் நல்லா இருக்கு. ஆனா நடந்தது சின்ன விஷயமும் இல்ல. ஊர் சொல்றதுக்கு முன்னாடி நாங்களே சொல்லிடுறது நல்லதுன்னு உட்கார்ந்து எழுதுறோம். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நாங்கன்னா யாருன்னு உங்களுக்குத் தெரியும். சமையல்கட்டுல ஞாயிற்றுக்கிழமை நிக்கிற நாலு பேரு. சாம்பார் அண்ணன், 58 வயசு. ஏர்கோன் வேலை பார்க்குற டெக்னிஷியன் தம்பி, 39. ஓய்வு பெற்ற வாத்தியார் ஐயா. அப்புறம் இதை டைப் பண்ணிட்டிருக்கிறவரு, தொழிற்சாலை சூப்பர்வைசர், 54. பேரு போட வேணாம்னு அண்ணன் சொல்லிட்டாரு. பேரு போடாட்டியும் தெரியாதவங்க யாரு?

நாங்க சைக்கிள் மிதிக்க ஆரம்பிச்சது 2020ல. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துச்சு, ஆலயத்தைப் பூட்டியாச்சு, அண்டாவெல்லாம் கவுத்து வெச்சாச்சு. முன்னூறு பேருக்குச் சமைச்ச கை வீட்டுல சும்மா இருந்துச்சு. வாய் மட்டும் சும்மா இருக்கல. கட்டுப்பாட்டைத் தளர்த்தின பிறகு கிளினிக்குக்குப் போனா அண்ணனுக்குச் சர்க்கரை 14. சூப்பர்வைசருக்கு 9. நம்ம நாட்டுல பெரியவங்கள்ல ஏறக்குறைய ஐஞ்சு பேர்ல ஒருத்தருக்குச் சர்க்கரைன்னு 2019 தேசிய சுகாதார ஆய்வு சொல்லுது. நம்ம சமையல்கட்டுக் கணக்குல நாலு பேர்ல ரெண்டு பேரு.

அந்த நேரம் நாடு பூரா சைக்கிள் மோகம் பிடிச்சிருந்துச்சு. கடையில போய்க் கேட்டா ஸ்டாக் இல்லன்னு கையை விரிப்பாங்க. தம்பி எங்கெங்கேயோ தேடி மூணு பழைய சைக்கிள் பிடிச்சுட்டு வந்தாரு. முதல் நாள் தாமானைச் சுத்தி நாலு கிலோமீட்டர். திரும்பி வந்து அரை மணி நேரம் படிக்கட்டுல உட்கார்ந்திருந்தோம். யாரும் பேசல. அண்ணன் மட்டும், "தேர் இழுக்குறதே இதுக்குத் தேவலை"ன்னாரு.

அப்படியே ஒவ்வொரு வாரமும் தூரம் கூடுச்சு. ரவாங், பத்தாங் காலி, அப்புறம் கோலகுபு பாரு. அங்கேருந்து பிரேசர்மலைக்குப் போற ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும், அணையைத் தாண்டினதும் ரெண்டு பக்கமும் காடு. மரம் மேலே கூடி நிழல் கட்டி இருக்கும். கேப் சந்திப்பு வரைக்கும் முப்பது கிலோமீட்டருக்கு மேல, பாதி நேரம் ஏத்தம்தான். இந்த ரோட்டுலதான் 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்னாங்க. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வாத்தியார் ஐயா வேன் ஜன்னல் வழியா பாடம் எடுப்பாரு. மூச்சு வாங்கிட்டு மிதிக்கிறவங்ககிட்ட சரித்திரம் சொல்றதுல அவருக்கு ஒரு சந்தோஷம். பதில் பேச முடியாத மாணவர்கள் கிடைச்சா எந்த வாத்தியாருக்குத்தான் பிடிக்காது?

சரி, போட்டிக்கு வருவோம்.

ஒரு சைக்கிள் கழகம் நடத்தின மலையேத்தப் போட்டி. கேப் சந்திப்புல இருந்து பிரேசர்மலை மேலே இருக்குற மணிக்கூண்டு வரைக்கும் எட்டு கிலோமீட்டர். இது எல்லாரும் ஒண்ணா கிளம்பி முட்டி மோதிப் போற போட்டி இல்ல. ஒரு நிமிஷத்துக்கு ஒருத்தரா அனுப்புவாங்க. பின்னாடி ஒருத்தர் சீட்டைப் பிடிச்சுக்குவாரு, ரெண்டு காலும் பெடல்ல இருக்கணும். ஐஞ்சு, நாலு, மூணுன்னு எண்ணி விட்டுடுவாங்க. அப்புறம் நீங்களும் கடிகாரமும்தான். யார் பின்னாடியும் ஒட்டிக்கிட்டுப் போகக் கூடாது. மலைப் பாதையில ஒட்டிக்கிட்டுப் போனாலும் பெருசா லாபம் இல்ல. சமதரையில காத்து எதிரி, மலையில உங்க சொந்த எடைதான் எதிரி.

அந்த எட்டு கிலோமீட்டர் பழைய பாதை. முந்தி ஒத்தைப்படை மணிக்கு ஏறணும், இரட்டைப்படை மணிக்கு இறங்கணும்னு கேட் போட்டு வெச்சிருந்த குறுகலான ரோடு. இங்க செங்குத்தா ஒரு இடமும் இல்ல. ஏறக்குறைய நானூறு மீட்டர் உயரத்தை எட்டு கிலோமீட்டர்ல பிரிச்சு வெச்சிருக்கு. ஆனா ஒரு இடத்துலயும் கால் ஆறாது. வளைவுக்குப் பின்னாடி வளைவு, அடுத்த வளைவுல தட்டையா வரும்னு மனசு சொல்லும், வராது. பத்துமலையில 272 படின்னு எண்ணிக்கிட்டே ஏறலாம், முடிவு கண்ணுக்குத் தெரியும். இங்க கண்ணுக்குத் தெரியிறது பெரணியும் பாறையும்தான்.

தம்பிதான் பதிஞ்சாரு, எங்களைக் கேக்காமலே. ஆளுக்கு எண்பது வெள்ளி. பணம் கட்டியாச்சுன்னு சொன்னதும் அண்ணன், "எண்பது வெள்ளிக்கு எவ்வளவு பருப்பு வாங்கலாம் தெரியுமா?"ன்னு கத்தினாரு. மறுநாள் காலையில ஐஞ்சரைக்கு எங்களுக்கு முன்னாடி ஹெல்மெட்டோட நின்னாரு.

இப்போ எங்க தப்பு ஆரம்பிக்கிற இடம்.

சூப்பர்வைசருக்கு முப்பது வருஷமா கையில ஸ்டாப்வாட்ச். ஆப்பரேட்டர் பின்னாடி நின்னு ஒரு பீஸுக்கு எத்தனை விநாடின்னு எழுதுற வேலை. அந்தப் பழக்கம் சைக்கிளுக்கும் வந்துடுச்சு. ஒரு நாள் ரொட்டி சானாய் கடையில உட்கார்ந்து பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டாரு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. எட்டு கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய நாப்பது நிமிஷம். அப்போ எடையில ஒரு கிலோ குறைஞ்சா இருபத்தைஞ்சு விநாடி மிச்சம். கணக்கு சரிதான், இப்பவும் சரிதான். மேசை மேலே பேப்பரைத் திருப்பி அண்ணன்கிட்ட காட்டினாரு. "அண்ணே, உங்க தொப்பையில மட்டும் ரெண்டு நிமிஷம் இருக்கு." எல்லாரும் சிரிச்சோம். அண்ணனும் சிரிச்சாரு. அந்தப் பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. அதை நாங்க கவனிச்சோம், பெருசா எடுத்துக்கல.

போட்டிக்கு முதல் நாள் புரட்டாசி சனி. அண்ணன் ஒரு வேளைதான் சாப்பிட்டாரு, அது அவரு வருஷா வருஷம் செய்யிறது. ராத்திரி பால் குடிச்சிட்டுத்தான் படுப்பாரு. அன்னைக்குக் குடிக்கல. காலையில கேப்ல வேன் கதவைத் திறந்து வாத்தியார் ஐயா இட்லி கொடுத்தாரு, வாழைப்பழம் கொடுத்தாரு. நாங்க சாப்பிட்டோம். அண்ணன் சர்க்கரை இல்லாத காப்பியோட நிறுத்திக்கிட்டாரு. "வயிறு லேசா இருந்தாதான்பா ஏறும்"னாரு. மாத்திரையை மட்டும் தவறாம போட்டுக்கிட்டாரு. ஏன்னா கிளினிக்ல வேளை தவறக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. சாப்பாடு இல்லாம அந்த மாத்திரை போட்டா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியல. எங்களுக்கும் தெரியல. உண்மையைச் சொல்லணும்னா, சூப்பர்வைசரும் அதே குடும்பத்து மாத்திரையைத்தான் போடுறாரு. அந்த மருந்துச் சீட்டை அவரு ஒரு நாளும் படிச்சதில்ல.

நம்பர் 41 அண்ணன். 44 சூப்பர்வைசர். 47 தம்பி. இடையில வேற ஆளுங்க. மெதுவா போறவங்களை முன்னாடி, வேகமானவங்களைக் கடைசியில அனுப்புவாங்க. அண்ணன் கிளம்பும்போது கையை மேலே தூக்கி "அரோகரா!"ன்னாரு. சீட்டைப் பிடிச்சிருந்த சீனத் தம்பி பயந்து கொஞ்சம் முன்னாடியே விட்டுட்டாரு.

முதல் கிலோமீட்டர்ல எல்லாரும் செய்யிற தப்பைச் சூப்பர்வைசரும் செஞ்சாரு. உடம்பு புதுசா இருக்கும், குளிர்ந்த காத்து, வேகமா போயிடுவோம். அந்தக் கடனை மூணாவது கிலோமீட்டர்ல வட்டியோட கேக்கும். தொடை எரியும், வாயில இரும்பு ருசி வரும். அப்புறம் கியரைக் குறைச்சு, ஒரே மூச்சு, ஒரே மிதி. எங்க லைன்ல மெஷினைக் கடைசி வரைக்கும் ஒரே வேகத்துல ஓட்டினா டார்கெட் தானா வரும், ஒரு மணி நேரம் அடிச்சு ஓட்டினா அடுத்த மணி நேரம் ரிப்பேர். ஆப்பரேட்டர்களுக்குச் சொல்ற அதே பாடம், தனக்குன்னு வந்தா மறந்து போகுது.

ஐஞ்சாவது கிலோமீட்டர் பக்கம் சூப்பர்வைசர் கடிகாரத்துல 26 நிமிஷம். 42க்குள்ள முடிக்கணும்னு குறி, கணக்கு அதுக்குள்ளதான் இருந்துச்சு. சரியா அந்த இடத்துலதான் பின்னாடி இருந்து தம்பி எட்டிப் பிடிச்சாரு. மூணு நிமிஷம் பின்னாடி கிளம்பி வந்து பக்கத்துல நிக்கிறாரு, பாருங்க. "வாங்க அங்கிள்"னு சொல்லிட்டுத் தாண்டுறாரு. அதே வளைவுல, இடது பக்கம், அண்ணன்.

சைக்கிள் புல்லுல சாஞ்சு கிடக்கு. அண்ணன் தடுப்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு நிக்கிறாரு. சட்டை தண்ணியில முக்கினமாதிரி இருக்கு.

"அண்ணே, ஓக்கேவா?" சூப்பர்வைசர் கேட்டாரு. அண்ணன் கையைக் கொஞ்சம் தூக்கினாரு. போ போன்னு சொல்றமாதிரி இருந்துச்சு. நாங்க அப்படித்தான் எடுத்துக்கிட்டோம்.

நாங்க ரெண்டு பேரும் போயிட்டோம்.

இதைப் பத்தி அப்புறம் பல தடவை பேசிட்டோம். தம்பி சொல்றாரு, "பின்னாடி அங்கிள் வர்றாரு, அவரு நிப்பாருன்னு நெனச்சேன்." சூப்பர்வைசர் நெனச்சது, "தம்பி முன்னாடி பார்த்துட்டுத்தானே போறாரு, ஒண்ணும் இல்லாமதான் போறாரு." ரெண்டும் பொய்யில்ல. ஆனா ரெண்டு பேரு மனசுலயும் அந்த நேரம் ஓடினது கடிகாரம்தான். நிறுத்தினா முப்பது விநாடி போயிடும். மலையில நிறுத்தினா மறுபடி கிளம்புறது கஷ்டம். அண்ணன் மூச்சு வாங்குறாரு, அவ்வளவுதான். இப்படி மனசு ஆயிரம் காரணம் கொடுக்கும், கால் பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டே போகும்.

தம்பி 36 நிமிஷம் 48 விநாடி. சூப்பர்வைசர் 41:36. மணிக்கூண்டுக்குக் கீழே ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு, செல்ஃபி எடுத்து, அதை இந்தக் குழுவுலயே போட்டோம். நீங்க 63 பேரு லைக் போட்டிருந்தீங்க. அந்தப் படத்தை இப்போ அழிச்சிட்டோம்.

அண்ணன் வரல. 45 வந்தாரு, 52 வந்தாரு. வாத்தியார் ஐயா வேன்ல முன்னாடியே மேலே வந்து காத்திருந்தாரு. "எங்க அவரு?"ன்னாரு. நாங்க, "வந்துக்கிட்டு இருக்காரு, வழியில நின்னாரு"ன்னோம். ஐயா எங்க மூஞ்சியை ஒரு பார்வை பார்த்தாரு. நாப்பது வருஷம் பையன்களைப் பார்த்த கண்ணு. ஒண்ணும் சொல்லாம வேன் சாவியை எடுத்தாரு. ரோடு மூடியிருக்கு, இறங்க விட மாட்டேன்னுட்டாங்க. போன் அடிச்சா லைன் இல்ல. கடைசி ஆளும் வந்து சேர்ந்த பிறகுதான் பிக்கப் லோரி ஒண்ணு வந்துச்சு. பின்னாடி அண்ணனோட சைக்கிள். முன் சீட்டுல அண்ணன்.

அவரைக் காப்பாத்தினது மார்ஷல் வேலை பார்த்த ஒரு மலாய்க்காரத் தம்பி. மோட்டார்ல ரோந்து வந்தவரு, அண்ணன் நிக்கிற விதத்தைப் பார்த்ததுமே நிறுத்தியிருக்காரு. பேரு கேட்டிருக்காரு, அண்ணனால சொல்ல முடியல. "பெஞ்சாகிட் கென்சிங் மானிஸா?"ன்னு கேட்டிருக்காரு, சர்க்கரை வியாதியான்னு. அண்ணன் தலையாட்டியிருக்காரு. அந்தத் தம்பியோட அப்பாவுக்கும் அதே வியாதியாம், இப்படி ஆகி வீட்டுல பார்த்திருக்காரு. பையில இருந்து 100 பிளஸ் எடுத்துக் குடிக்க வெச்சு, மூணு கூர்மாப் பழத்தை ஒவ்வொண்ணா வாயில கொடுத்து, பதினைஞ்சு நிமிஷம் தோளைப் பிடிச்சு உட்கார வெச்சிருக்காரு. முதலுதவிக்காரங்க வந்து விரல்ல குத்திப் பார்த்தப்போ, அவ்வளவு இனிப்பு உள்ளே போன பிறகும், 3.4. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. அதுக்கு முன்னாடி எவ்வளவுல இருந்துச்சோ, முருகனுக்குத்தான் தெரியும்.

ஏறினா மயக்கம்னு நாங்க பயந்து வெச்சிருந்தோம். இறங்குறதுதான் உடனே ஆளை அடிக்கிறது. வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், நினைவு தப்பும். பார்க்கிறவங்களுக்குக் களைச்சுப் போனவர்மாதிரியேதான் இருக்கும். சைக்கிள் மிதிச்சவன்னா கேக்கவே வேணாம், எல்லாரும்தானே வேர்த்து நடுங்கிக்கிட்டு நிக்கிறோம்.

அப்படியே கோலகுபு பாரு இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். நல்லாயிட்டாரே, வீட்டுக்குப் போகலாமான்னு கேட்டதுக்கு டாக்டர் விடல. இந்த வகை மாத்திரை உடம்புல இருக்குற வரைக்கும் சர்க்கரை மறுபடி மறுபடி இறங்கலாமாம், அதனால ராத்திரி வரைக்கும் வெச்சுப் பார்த்தாங்க. இங்க சமையல்கட்டுல பசங்க என்ன செய்யிறதுன்னு தெரியாம பாக்கெட் சாம்பார்த் தூளைக் கொட்டியிருக்காங்க. நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பசங்களைத் திட்டாதீங்க.

வேன்ல இறங்கும்போது நடந்த ஒண்ணை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப யோசிச்சோம். அண்ணன்தான் எழுதுங்கன்னாரு. அணைக்கட்டு வர்ற வரைக்கும் யாரும் பேசல. ஐயா ஓட்டுறாரு, அண்ணன் முன்னாடி, நாங்க ரெண்டு பேரும் பின்னாடி, கழுத்துல மெடலோட. அண்ணன் திரும்பாமலே கேட்டாரு.

"என்னைப் பார்த்தீங்கதானே?"

நாங்க பதில் சொல்லல.

"நான் உங்களைப் பார்த்தேன். கூப்பிடத்தான் பார்த்தேன். நாக்கு வரல."

அவரு கையைத் தூக்கினது போ போன்னு சொல்ல இல்ல.

ரெண்டு பேரும் மெடலைக் கழட்டிப் பையில போட்டோம். அண்ணன் அதைக் கண்ணாடியில பார்த்துட்டு, "அதை ஏன் கழட்டுறீங்க, எண்பது வெள்ளி"ன்னாரு. அப்போதான் வாத்தியார் ஐயா முதல் தடவையா வாயைத் திறந்து சிரிச்சாரு. நாங்க சிரிக்கல, எங்களால முடியல.

அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. என்ன சொன்னாங்கன்னு இங்க எழுத மாட்டோம். சொன்னது எல்லாமே நியாயம். அண்ணன் சட்டைப் பையில இருந்து அந்தக் கணக்குப் பேப்பரை எடுத்து நீட்டி, "இது யார் கையெழுத்து?"ன்னு கேட்டாங்க. தொழிற்சாலையில மேனேஜர் முன்னாடி நின்னப்போகூட சூப்பர்வைசருக்குக் கால் அப்படி நடுங்கினதில்ல.

புதன்கிழமை கிளினிக்ல மாத்திரையை மாத்திக் கொடுத்துட்டாங்க. சைக்கிள் மிதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லல. மிதிக்கணும், ஆனா சாப்பிட்டுட்டு மிதிக்கணும், விரதம்னா முன்கூட்டியே வந்து கேக்கணும், பையில இனிப்பு இருக்கணும்னாங்க. விரதம் இருக்குற சர்க்கரைக்காரங்க நம்ம ஆலயத்துல எத்தனை பேருன்னு எங்களுக்குத் தெரியும். தைப்பூசம் வருது. மாத்திரை போட்டுக்கிட்டு விரதம் இருக்கப் போறவங்க உங்க மருந்துச் சீட்டை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட ஒரு தடவை போய்ட்டு வாங்க. வெட்கப்பட ஒண்ணும் இல்ல. நாங்களும் போனோம், சூப்பர்வைசருக்கும் மாத்திரை மாறியிருக்கு.

முடிவுப் பட்டியல் வெள்ளிக்கிழமை வந்துச்சு. நம்பர் 41க்கு நேரா நேரம் இல்ல, ஒரு கோடுதான். அண்ணன் அதைப் போன்ல பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தாரு. போட்டியே வேணாம், கடிகாரம் இல்லாம சும்மா ஒரு நாள் மெதுவா ஏறிட்டு வருவோம்னு நாங்க சொன்னோம். முடியாதுன்னுட்டாரு. "எனக்கு ஒரு நேரம் வேணும். அறுபது நிமிஷமா இருந்தாலும் சரி, ஒரு நம்பர் வேணும்."

அண்ணி சம்மதிச்சுட்டாங்க, நிபந்தனையோட. அவங்களும் வேன்ல வருவாங்க. கேப்ல அவங்க கண்ணு முன்னாடி நாலு இட்லி இறங்கணும். நாங்க ரெண்டு பேரும் அண்ணன் பின்னாடிதான் மிதிக்கணும், எவ்வளவு மெதுவா போனாலும் தாண்டக் கூடாது. ஸ்டாப்வாட்ச் சூப்பர்வைசர் கையில கிடையாது, அண்ணி கையில.

வர்ற ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கேப்ல கிளம்புறோம். கீழே வந்து சேர எப்படியும் பதினொண்ணு ஆகும். சாம்பார் தாளிக்க அண்ணன் வந்துடுவாரு, ஆனா அதுக்கு முன்னாடி காய் வெட்ட, பருப்பு வேக வைக்க ஆறு பேரு வேணும். காலை எட்டு மணிக்குச் சமையல்கட்டுல இருக்கணும். முடிஞ்சவங்க கீழே பேரைப் போடுங்க. கத்தி ரெண்டுதான் நல்லா இருக்கு, வீட்டுல இருந்து ஒண்ணு கொண்டு வந்தா உதவியா இருக்கும். பாக்கெட் தூளை மேல் அலமாரியில பூட்டி வெச்சாச்சு.